ஒரே மெஷின், ஒரே பவுடர், மூன்று தண்ணீர்

ராஜபாளையத்தில் பல வீடுகளின் பின்கட்டில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று நகராட்சிக் குழாய். முறை வைத்து வரும். வருகிற நேரத்தில் குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். இன்னொன்று போர் குழாய். ஸ்விட்சைப் போட்டால் கொட்டும். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் முதல் குழாய். குளிக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க இரண்டாவது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே பங்கீடுதான். யாரும் எழுதிவைக்கவில்லை, புதிதாகக் குடிவருகிறவர்கூட ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார். போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்பதை அடுப்பே சொல்லிக்கொடுத்துவிடும்.

வாஷிங் மெஷின் வந்த பிறகுதான் கணக்கு இடித்தது. வாளியில் துவைத்த காலத்தில் நுரை வரவில்லை என்றால் இன்னொரு கை பவுடர் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கக் கதவு வைத்த மெஷின் கதவைப் பூட்டிக்கொள்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் புரள்கிறது, நுரையைக் காணோம். அடுத்த முறை பவுடரைக் கூட்டுகிறோம். ஐப்பசி மழையில் நகராட்சித் தண்ணீர் தாராளமாக வந்து, அதையே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிய வாரத்தில், அதே அளவு பவுடருக்கு நுரை பவுடர் பெட்டி வழியே வெளியே வழிகிறது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய துவைப்பு இரண்டு மணி நேரம் ஓடுகிறது. பழுதுபார்க்க வருகிறவர் பையைத் திறப்பதற்கு முன்பே கேட்பார்: “என்ன தண்ணிக்கா விடுறீங்க, போரா, நல்ல தண்ணியா?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பவுடர் விலையைப் பற்றியும் மெஷின் கம்பெனியைப் பற்றியும் பேசிப் பயனில்லை என்பது என் கட்சி.

மலைத் தண்ணீரும் கரிசல் தண்ணீரும்

மேற்கே மலை. அய்யனார் கோயில் பக்கம் இறங்கிவரும் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி ராஜபாளையத்துக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்புப் பக்கத்துக் கிணறுகள் கைகொடுக்கின்றன. போதாததற்குத் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வரும் கூட்டுக் குடிநீர். எல்லாவற்றுக்கும் பூர்வீகம் ஒன்று: மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை. பாறைமேல் விழுந்து விரைவாக ஓடிவந்துவிடுவதால் கல்லைக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

போர் தண்ணீருக்கு நேரத்துக்குக் குறைவில்லை. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். இரண்டு ஊர்களிலிருந்தும் கிழக்கே போகப்போகக் கரிசல். கரிசலைத் தோண்டினால் சுண்ணாம்புக் கட்டியான சுக்காங்கல். விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதற்குச் சிமெண்ட் ஆலைகளே சாட்சி. 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாதான் பிறகு மெட்ராஸ் சிமெண்ட்ஸையும் நிறுவினார். விருதுநகருக்கு அருகே அவர் பெயரிலேயே அமைந்த ராமசாமி ராஜா நகரில் 1960-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் முதல் ஆலை வந்தது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஆலங்குளத்தில் 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. வட்டாரத்தை வளர்த்த தொழில்களில் ஒன்று பஞ்சு, இன்னொன்று சுண்ணாம்புக்கல். பஞ்சில் நெய்த துணியும் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரும் நம் வீட்டு மெஷினுக்குள் மறுபடி சந்தித்துக்கொள்கின்றன.

தண்ணீரில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. இரண்டையும் சேர்த்து, சுண்ணாம்புக்கல்லின் கணக்கில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவது வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி (ஐ.எஸ். 10500, 2012) 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இது குடிக்கிறவருக்குப் போட்ட கணக்கு. துணிக்குப் போட்டதல்ல. 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்று வகைப்படுத்தும் நாடுகள் உண்டு.

சிலர் ‘டிடிஎஸ் மீட்டர்’ என்ற பேனா மாதிரிக் கருவியைத் தண்ணீரில் முக்கி, எண்ணைப் பார்த்துக் கடினத்தன்மையைச் சொல்லிவிடுவார்கள். அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிற எண். சாப்பாட்டு உப்பு கரைந்த தண்ணீரும் அதில் எகிறும்; அந்த உப்பால் சோப்புக்குச் சுண்ணாம்பு அளவு தொந்தரவு இல்லை. நாவில் கரிப்பது வேறு, துணியில் கடிப்பது வேறு.

46 கிராம் சோப்பு எங்கே போனது?

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தது சோப்பு. கால்சியத்தைக் கண்டதும் சோப்பு அதோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரில் கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடும். வாளியின் விளிம்பில் படிகிற பிசுக்கு அதுதான். தண்ணீரிலுள்ள கால்சியம் முழுவதும் இப்படிச் சோப்பைத் தின்று தீர்த்த பிறகுதான், மிச்சமுள்ள சோப்பு நுரைக்கும்.

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், இந்தத் தொந்தரவையே அளவுகோலாக்கினார். அளந்த தண்ணீரில் அளந்து கரைத்த சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே போக வேண்டும். நுரை நிலைத்து நிற்கும்போது நிறுத்தி, எவ்வளவு சோப்பு செலவானது என்று பார்த்தால் தண்ணீரின் கடினம் தெரிந்துவிடும். அதே கிளார்க்தான் 1841-ல், தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தே தண்ணீரின் சுண்ணாம்பை இறக்குவதற்குக் காப்புரிமை வாங்கினார். முரணாகத் தோன்றினாலும் வேதியியல் சரி: காய்ச்சினால் படிகிற வகைக் கடினத்துக்கு இன்றும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் அந்த வழி நடக்கிறது.

நம் மெஷினுக்கு வருவோம். முன்பக்கக் கதவு மெஷின் துவைக்கும் கட்டத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர் தண்ணீரின் கடினம் 500 என்றும் வைத்துக்கொள்வோம். விதி பொறுத்துக்கொள்ளும் 600-க்குள்தான் இதுவும். அந்த 15 லிட்டரில் உள்ள கால்சியத்தை அடக்க மட்டும் சுத்தமான சோப்பு 46 கிராம் செலவாகும். அதுவரை ஒரு குமிழி வராது, ஒரு பொட்டு அழுக்கும் போகாது. இதே வேலையைச் சலவை சோடா 8 கிராமில் முடித்துவிடும். நுரை வரவில்லையே என்று சோப்பைக் கூட்டுகிற வீடு, சோடா செய்ய வேண்டிய வேலைக்குச் சோப்பின் விலையைக் கொடுக்கிறது.

இந்தக் கணக்கு நம் சலவைத் தொழிலாளர்களுக்குப் பழகிய கணக்கு. உவர்மண்ணைக் கரைத்து, அதில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது இயற்கையான சோடா; சுண்ணாம்பை இறக்கிவிடும், அழுக்கின் எண்ணெயையும் இளக்கும். சோப்பு கடைக்கு வருவதற்கு முன்பே தண்ணீரைப் பக்குவப்படுத்தத் தெரிந்திருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம். பட்டுச்சேலைக்குப் பூந்திக்கொட்டை என்று வைத்ததிலும் கணக்கு இருக்கிறது. அதன் நுரைக்குக் காரணமான சப்போனின், சோப்பைப் போலக் கால்சியத்திடம் சிக்குவதில்லை. காரமும் இல்லாததால் பட்டை அரிக்காது.

பவுடர் பாக்கெட்டுக்குள்

இந்தியாவில் 1959-ல் சர்ஃப் வந்தது. 1969-ல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கினார். அதன் பிறகு சோப்பின் இடத்தை டிடர்ஜென்ட் பிடித்துக்கொண்டது. இன்று நம் பவுடர்களின் முதுகெலும்பு, சுருக்கமாக லாப்சா என்று சொல்லப்படும் அமிலத்திலிருந்து வருவது. அதன் மூலப்பொருளைச் சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிக்கிறது. சிறு தொழில்காரர்களும் மகளிர் குழுக்களும் கேனில் வாங்கி, சோடாவோடு பிசைந்து பவுடராக்கும் ‘ஆசிட் ஸ்லரி’ இந்த லாப்சாவே. சோப்பைவிடக் கடின நீரைத் தாங்கும். ஆனால் ஓரளவுக்குத்தான், கால்சியம் அதிகமானால் இதுவும் திரிந்து படியும், நுரை அடங்கும்.

ஷாம்புவிலும் திரவ டிடர்ஜென்ட்களிலும் பெரும்பாலும் வேறு வகைப் பொருள் சேர்க்கிறார்கள். கால்சியத்தை அது பெரிதாகச் சட்டைசெய்யாது. போர் தண்ணீரில் குளியல் சோப்பு நுரைக்காமல் இருக்க, ஷாம்பு மட்டும் பொங்குவது இதனால்தான்.

பாக்கெட்டுக்குள் அழுக்கு எடுக்கிற பொருளைவிட அதற்குத் துணை நிற்கிற பொருள்களே அதிக எடை. அவற்றின் முதல் வேலை தண்ணீரை இளக்குவது. பாக்கெட்டுக்குள்ளேயே ஒரு சாஃப்ட்னர் இருக்கிறது என்று சொல்லலாம். சலவை சோடா மலிவு, ஆனால் சுண்ணாம்பைத் தூளாக இறக்கிவிடுகிறது. அந்தத் தூள் துணியிலும் டிரம்மிலும் படிந்து, கறுப்புச் சட்டையை நரைக்கவைக்கும், துண்டை அப்பளமாக விறைக்கவைக்கும். ட்ரைபாலிபாஸ்பேட் மிக நல்ல பொருள்; கால்சியத்தைக் கரைந்த நிலையிலேயே இறுகப் பிடித்துக்கொள்ளும், படியவிடாது. அதன் குற்றம் வீட்டுக்கு வெளியே தெரிந்தது. ஏரிக்குப் போன பாஸ்பேட் பாசிக்கு உரமானது. 1986-ல் சுவிட்சர்லாந்து சலவைத் தூளில் அதைத் தடை செய்தது. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளில் பெயரளவுக்குச் சுருக்கிவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது சியோலைட் என்கிற கரையாத மாவு: கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். மேலே சொன்ன 15 லிட்டருக்கு இது ஏறத்தாழ 26 கிராம் வேண்டும். அவ்வளவையும் சேர்த்துவிட்டு ஒரு பவுடரை மலிவாக விற்க முடியாது.

மலிவுச் சரக்கில் எடைக்கு என்ன சேர்க்கிறார்கள் என்பது கசப்பான வேடிக்கை. டிடர்ஜென்ட் கட்டிகளில் கால்சைட், டோலமைட் தூள் சேர்ப்பது தொழிலில் சகஜம். இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. சுண்ணாம்புத் தண்ணீரோடு போராடுகிற வீட்டுக்கு, நாமே காசு கொடுத்துச் சுண்ணாம்புக்கல்லையும் வாங்கி வருகிறோம். நல்லவேளை, சோடா கலந்த தண்ணீரில் அது கரையாது. துணியில் மட்டும் தங்கும்.

நுரையே குற்றமாகும் இடம்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. அதையும் சுற்றியுள்ள ஊர்களையும் பேண்டேஜ் துணி வாழவைக்கிறது. விசைத்தறியில் சல்லடை போல நெய்த கோராத் துணியை அப்படியே காயத்தின்மேல் வைத்தால் ரத்தத்தை உறிஞ்சாது. பஞ்சின் இயற்கை மெழுகும் நூலில் ஏற்றிய கஞ்சியும் தடுக்கும். காஸ்டிக்கில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்து, அலசி அலசி எடுக்க வேண்டும். இங்கே தண்ணீர் கடினமாக இருந்தால் மெழுகிலிருந்து பிரிந்த கொழுப்போடு கால்சியம் சேர்ந்து, மறுபடி துணிமேலேயே படியும். வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மருந்தியல் தரநூல் கேட்பது, உறிஞ்சும் காஸ் துணி 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது. அதனால் வெளுப்புத் தொழிலில் தண்ணீரை இளக்குவது லாப நஷ்டக் கணக்கின் முதல் வரி.

இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. மருத்துவப் பஞ்சை ஊறவைத்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துப் பலமாகக் குலுக்குவார்கள். சற்று நேரம் கழித்தும் நுரை நின்றால் சரக்கு தேறாது. துவைப்பில் பயன்பட்ட பொருள் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நுரைதான் அத்தாட்சி. தெருவுக்கு இந்தப்பக்கம் நுரை வரவில்லை என்று கவலைப்படும் வீடு; அந்தப்பக்கம் நுரை வந்துவிட்டால் கவலைப்படும் தொழிற்கூடம். இரண்டில் தொழிற்கூடம் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நுரை என்பது காற்றைச் சுற்றிய மெல்லிய சவ்வு. அழுக்கை எடுப்பது தண்ணீருக்குள் இருக்கிற டிடர்ஜென்ட்; மேலே மிதக்கிற குமிழிக்கு அந்த வேலையில் பெரிய பங்கில்லை. ஆனால் நுரை எதையும் சொல்வதில்லை என்றும் தள்ளிவிட முடியாது. வாளியில் முதல் துணிக்கு வந்த நுரை நாலாவது துணிக்கு அமுங்கினால், உடம்பு எண்ணெயும் அழுக்கும் டிடர்ஜென்டைத் தீர்த்துவிட்டன என்று அர்த்தம். கையால் துவைத்தவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்பட்ட அடையாளம். விளம்பரங்கள் பல ஆண்டுகள் அதை ஊதிப் பெரிதாக்கின. பிறகு தண்ணீர்ப் பஞ்சம் வந்ததும் அதே தொழில் திரும்பி நடந்தது: 2000-களின் முற்பகுதியில் சர்ஃப் எக்செல், நுரை குறைவு, அதனால் இரண்டு வாளித் தண்ணீர் மிச்சம் என்று விளம்பரம் செய்தது.

மெஷினில் நுரை பயனற்றது மட்டுமல்ல, வேலையைக் கெடுப்பதும்கூட. முன்பக்கக் கதவு மெஷின் துணியைத் தூக்கி மேலிருந்து போட்டு அடிக்கிறது. நடுவில் நுரை நிரம்பினால் அடி விழாது. பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுத்துத் திணறும். பிழியும்போது உள் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே நுரை அடைத்துக்கொண்டு சுழற்சிக்குத் தடைபோடும். மெஷின் இதை உணர்ந்து நிறுத்தி, கூடுதலாக அலசத் தொடங்கும். மேல்பக்க மூடி மெஷினில் துணி தண்ணீரில் மூழ்கிப் புரள்வதால் இவ்வளவு சிக்கல் இல்லை; செமி ஆட்டோமேட்டிக்கில் இன்னும் குறைவு. அதனால்தான் ‘மேட்டிக்’ என்று போட்ட பவுடர் தனியாக விற்கிறது. அதில் நுரையடக்கி சேர்த்திருப்பார்கள். மிகச் சிறிய அளவு சிலிக்கோன் எண்ணெயும் நுண்ணிய சிலிக்காத் துகளும் சேர்ந்து குமிழியின் சவ்வைக் கிழித்துவிடும். வாளிக்கான மலிவுப் பவுடரை முன்பக்க மெஷினில் போடாதீர்கள் என்று சொல்வதில் விற்பனைத் தந்திரமும் இருக்கலாம். அதைவிட நியாயம் அதிகம் இருக்கிறது.

மூன்றாவது தண்ணீர்

இப்போது வீடுகளுக்குள் நுழைந்திருப்பது சாஃப்ட்னர் தண்ணீர். கருவிக்குள் சிறு மணிகளாகப் பிசின். ஒவ்வொரு மணியிலும் சோடியம் உட்கார்ந்திருக்கும். கடின நீர் நுழைந்ததும், பஸ்ஸில் கர்ப்பிணிப் பெண்ணைக் கண்டு எழுந்து இடம் கொடுப்பவரைப் போலச் சோடியம் எழுந்துகொள்ள, கால்சியம் உட்கார்ந்துவிடும். எல்லா இடமும் நிரம்பியதும் அடர்ந்த உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவினால், கால்சியம் இறங்கி, மறுபடி சோடியம் ஏறும். தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு இதனால் குறையாது. டிடிஎஸ் மீட்டரில் எண் பெரிதாக மாறவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கடினம் 500 உள்ள தண்ணீரை முழுக்க இளக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்த அழுத்தக்காரர் உள்ள வீட்டில் அதைக் குடிக்காமல் இருப்பது நல்லது. செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

மெஷின் குழாயில் மாட்டுகிற சின்ன சாஃப்ட்னரைப் பற்றி ஒரு கணக்கைக் கடையில் சொல்ல மாட்டார்கள். ஒரு லிட்டர் பிசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 500 கடினத் தண்ணீர் என்றால் 100 லிட்டரோடு சரி. முன்பக்க மெஷினில் இரண்டு துவைப்பு; மேல்பக்க மெஷினில் ஒன்றுகூட முழுதாக வராமல் போகலாம். அதன் பிறகு உப்புப் போட்டுக் கழுவாவிட்டால் அது குழாயில் மாட்டிய அலங்காரம். “வாங்கின புதுசுல நல்லா நுரைச்சது, இப்போ இல்ல” என்ற புகாரின் பாதிக் காரணம் இது. இன்னொரு வகைக் குப்பி கடினத்தை எடுப்பதேயில்லை. சிறிதளவு பாஸ்பேட்டைக் கரையவிட்டு ஹீட்டரில் சுண்ணாம்பு படியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். அதை மாட்டிவிட்டு நுரையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

மறுபக்கமும் பாருங்கள். பெரிய சாஃப்ட்னர் வைத்துத் தண்ணீரை உண்மையிலேயே இளக்கிவிட்ட வீட்டில் நுரை தொல்லை தொடங்குகிறது. கடின நீருக்குப் பழகிய அளவுப் பவுடர் அப்படியே விழுகிறது. திரிந்து போக எதுவும் இல்லை, அத்தனையும் நுரையாகிறது. சில பவுடர்களில் நுரையடக்கியாகச் சோப்பையே சேர்ப்பார்கள். கால்சியத்தோடு சேர்ந்து திப்பியானால்தான் அந்தச் சோப்பு குமிழியை உடைக்கும். கால்சியமே இல்லாத தண்ணீரில் அதுவும் சேர்ந்து நுரைக்கும். வேடிக்கையாக இருந்தால் வீட்டில் செய்து பார்க்கலாம்: போர் தண்ணீரில் பவுடரைப் போட்டு நுரை எழுப்பி, அதன்மேல் கொஞ்சம் சோப்புக் கரைசலை விட்டால் நுரை அடங்கும். நல்ல தண்ணீரில் அடங்காது. அலசும்போதும் இதே கதை. கடின நீரில் நுரை சீக்கிரம் செத்துவிடும். மென்னீரில் வழுவழுப்பு போகாமல் நிற்கும், இன்னொரு தடவை அலசச் சொல்லும். சாஃப்ட்னர் வைத்தவர்கள் பவுடரைப் பாதியாகக் குறைத்துத் தொடங்க வேண்டும். துணி சுத்தமாக வந்தால் இன்னும் குறைக்கலாம்.

வாங்கலாமா, வேண்டாமா? மெஷினுக்காக மட்டும் என்றால் என் பதில், பெரும்பாலும் வேண்டாம். மாதம் 20 முறை துவைக்கும் வீட்டில், ஒரு துவைப்புக்கு 50 லிட்டர் வீதம் 1,000 லிட்டர் இளக்க வேண்டும். அதற்கு ஒன்றரை, இரண்டு கிலோ உப்பு செலவாகி, அந்த உப்புத் தண்ணீர் சாக்கடைக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகும். உறிஞ்சுகுழிக்குப் போனால் பக்கத்துப் போருக்கும் போகும். துவைக்கும் கட்டத்துக்கு மட்டும் சலவை சோடா என்றால் மாதத்துக்கு 160 கிராம். முதலில் சோடாவைக் கரைத்துச் சில நிமிடம் விட்டு, பிறகு பவுடரைப் போட வேண்டும். ஒன்றாகப் போட்டால் சுண்ணாம்பு பவுடரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். செமி ஆட்டோமேட்டிக்கில் இது எளிது. பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கூடாது. வெந்நீரில் துவைக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்கும், கீசரும் மெஷினும் வருடாவருடம் சுண்ணாம்பு கட்டிப் பழுதாகிற வீட்டுக்கும் சாஃப்ட்னர் வேறு கணக்கு. காய்ச்சும்போதுதான் சுண்ணாம்பு பாறையாகப் படிகிறது, அங்கே அது செலவுக்குத் தகும்.

ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்து மெஷினில் ஊற்றுவது நல்ல சிக்கனம்தான். ஆனால் கால்பங்கு சுத்தமாகி முக்கால்பங்கு கழிகிற கருவியில், கழிந்த தண்ணீரின் கடினம் மூலத் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். அதில் நுரை தேடக் கூடாது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு உகந்த தண்ணீர் தலைக்குமேல் இருக்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். கடினம் அனேகமாக இல்லை. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-ல் கட்டாயமாக்கியது. நாம் அதை நேராக மண்ணுக்குள் அனுப்பி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்ட பிறகு மோட்டார் போட்டு மேலே எடுக்கிறோம். மண்ணுக்கும் போகட்டும்; ஒரு தொட்டி துணிக்கும் நிற்கட்டும்.

பாக்கெட்டில் இல்லாத கட்டம்

துவைத்த நுரை எங்கே போகிறது என்பதும் நம் கவலையாக வேண்டும். 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாக எழுந்தபோது, காரணம் நுண்ணுயிர் தின்னமுடியாத பழைய வகை டிடர்ஜென்ட் என்று தெரிந்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. தொழில், சிதையக்கூடிய இன்றைய வகைக்கு மாறியது. சிதையும் என்றாலும் சுத்திகரிப்பு நிலையமும் நேரமும் வேண்டுமே. தென்பெண்ணையில் ஓசூர் கெலவரப்பள்ளி அணை அடிக்கடி நுரை போர்த்திக்கொள்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தேவைக்கு மேல் போடுகிற ஒவ்வொரு கரண்டியும் ஏதோ ஒரு மறுகாலில்தான் போய் விழுகிறது.

ஐரோப்பியச் சட்டப்படி, அங்கே விற்கிற சலவைத் தூள் பாக்கெட்டில் மென்னீருக்கு இத்தனை, நடுத்தரத்துக்கு இத்தனை, கடின நீருக்கு இத்தனை என்று அளவு போட்டாக வேண்டும். ஜெர்மனியில் தண்ணீர் வழங்குகிற நிறுவனம் தன் தண்ணீர் எந்த வகை என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே கடின நீர் என்பது சுண்ணாம்புக்கல் கணக்கில் 250-ல் தொடங்கிவிடுகிறது. நம் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் வாளிக்கு இத்தனை கரண்டி, அழுக்கு அதிகமானால் இத்தனை என்பதோடு சரி. எந்தத் தண்ணீர் என்ற கேள்வியே இல்லை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி உங்கள் போர் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். சாஃப்ட்னர் விற்க வருகிறவரின் இலவசச் சோதனையைவிட அதை நம்புங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பாருங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: குழாயில் விடுகிற தண்ணீரின் கடினத்தன்மையைக் குடிநீர்க் கட்டண ரசீதில் ஒரு வரியாக அச்சிடுங்கள். டிடர்ஜென்ட் கம்பெனிகள் அந்த எண்ணுக்கு ஏற்ற அளவைப் பாக்கெட்டில் அச்சிடட்டும். ஐரோப்பாவில் விற்கிற கம்பெனிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற வேலைதான் அது.